பாரம் தூக்கிய தச்சர்

பள்ளியிலே பௌதிகம் படித்த எவரும் ‘பிராமா அழுத்தி’யை அறிவர். ஒரு சிறிய குழல், ஒரு பெரிய குழல், இரண்டையும் இணைத்து நிற்கும் நீர், பெரிய குழலின் தலைமீது நசுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பஞ்சுப் பொதி! இந்தப் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, பரீட்சையில் மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று நம்மிலே கேட்டவர் சிலரே. நான்முகனின் பெயரைப் போல ஒலிப்பதால், அவர் நம் நாட்டு அறிஞர் போலும் என்று எண்ணியிருந்த நண்பர் ஒருவரையும் நான் அறிவேன். அவர் நம் நாட்டவர் அல்லர். பெரிய பல்கலைக்கழகம் எதிலும் பயின்றவரும் அல்லர். இங்கிலாந்திலே யார்க்‌ஷயர் பகுதியில், பார்ன்ஸ்லி என்னும் ஊருக்கு அருகே, ஒரு குத்தகை உழவரின் மகனாக 1748-ஆம் ஆண்டிலே பிறந்தவர். குடும்பப் பெயர் பிராமர். லண்டனுக்குப் போன பின்னர் அது பிராமா என்று மாறிற்று.

நம் விடுதிக்கு எதிரே வரிசையாக இருக்கும் மோட்டார் கொட்டகைகளைக் கடந்துதான் நாம் நாள்தோறும் ஆய்வுக்கூடம் போகிறோம். அங்கே ஒரு சிறுவன் இரும்புப் பிடியை நாலைந்து முறை மேலும் கீழும் அசைக்கிறான். காரின் ஒரு பக்கம் அப்படியே எழும்புகிறது. ஊரிலே நாம் ‘ஜாக்கி’ என்போம். இங்கே ‘ஜேக்’ என்கிறார்கள். அந்தச் சிறுவனுடைய கையிலே இருப்பது பிராமாவின் அழுத்திதான். இருநூறு ஆண்டுகளில் உருவம் சிறுத்திருக்கிறது, நீருக்குப் பதிலாக எண்ணெய் வந்திருக்கிறது, அவ்வளவே. ஆகவே அவருடைய வாழ்க்கையை அறிவது நமக்கு ஏட்டுப் படிப்பு மட்டும் ஆகாது. அந்தப் பிடியை நாமே ஒருநாள் அசைக்க நேரும்.

ஜோசப் பிராமா தச்சராக வேண்டும் என்று அவர் தந்தை எண்ணவில்லை. தம்மைப் போல மகனும் ஏர் பிடிப்பான் என்றே எண்ணினார். ஆனால் பதினாறாம் வயதிலே பையனுக்குக் கணுக்காலில் பலத்த அடி பட்டது. ஏர்ப்பின் நடக்க அந்தக் கால் இனி உதவாது என்று தெரிந்தது. படுத்துக் கிடந்த நாட்களிலே மரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தான். அவன் செதுக்கியவற்றுள் வயலினும் உண்டு என்பர். கை வேலையைக் கண்ட தந்தை, உள்ளூர்த் தச்சர் தாமஸ் ஆலட் என்பவரிடம் தொழில் பழக விட்டார். கால் முடங்கியது, கை திறந்துகொண்டது.

தொழில் பழகி முடித்ததும் பிராமா லண்டன் சென்று, மேசை நாற்காலி செய்யும் தச்சராக வேலை பார்த்தார். அக்காலத்திலே செல்வர் வீடுகளில் நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகள் புதிதாக வந்துகொண்டிருந்தன. 1775-இல் அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். அவற்றைப் பொருத்தும் வேலைக்குப் போன பிராமா, அவற்றின் குறைகளைக் கண்டு, திருத்திய அமைப்பு ஒன்றுக்கு 1778-இல் தாமே உரிமைப் பத்திரம் வாங்கினார். அவர் பெற்ற பதினெட்டுப் பத்திரங்களுள் இதுவே முதலாவது. கழிப்பறையிலே தொடங்கிய புகழ் என்று நகைக்க வேண்டியதில்லை. அடைப்பானும் கசிவும் அவர் வாழ்நாள் முழுதும் விடாது தொடர்ந்த பிரச்சினைகள். அவற்றோடு முதற்பழக்கம் அங்கேதான் ஏற்பட்டது.

1784-இல் பூட்டு வந்தது. அதற்கு முன்பிருந்த பூட்டுகளைக் கைதேர்ந்த திருடன் கம்பி ஒன்றைக் கொண்டே திறந்துவிடுவான். பிராமாவின் பூட்டிலே குழல் வடிவமான சாவி. அதன் நுனியிலே வெவ்வேறு ஆழமுள்ள வெட்டுகள். சாவி அழுந்தும்போது உள்ளே உள்ள தகடுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய அளவுக்கு, கூடாமலும் குறையாமலும் நகர்ந்தால்தான் பூட்டு சுழலும். லண்டன் பிக்காடில்லித் தெருவில் இருந்த தம் கடையின் ஜன்னலிலே, பதினெட்டுத் தகடுகள் கொண்ட பூட்டு ஒன்றை வைத்து, அதனைத் திறக்கும் கருவி செய்பவர்க்கு 200 கினி பரிசு என்று 1790-இலே அறிவிப்புப் பலகை மாட்டினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பரிசை எவரும் வாங்கவில்லை.

பூட்டை எண்ணுவது எளிது. ஒன்று போல ஆயிரம் செய்வது அரிது. ஒரு மயிரிழை தவறினாலும் அது பூட்டன்று, வெறும் இரும்புத் துண்டு. கையாலே அராவிச் செய்தால் விலை கட்டாது. ஆகவே பிராமாவுக்கு வேண்டியிருந்தவை பூட்டுச் செய்யும் இயந்திரங்கள். அவற்றைச் செய்ய வூலிச் படைக்கலச் சாலையிலே வேலை பார்த்துக்கொண்டிருந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவரை அழைத்துவந்தார். அவர்தாம் ஹென்றி மாட்ஸ்லே. இத்தனை சிறு வயதினனா என்று பட்டறையிலே இருந்த மூத்தவர்கள் முகம் சுளித்தார்கள் என்பர். ஆனால் சில ஆண்டுகளிலே அந்த இளைஞரே அவர்களுக்கெல்லாம் மேஸ்திரி ஆனார். பிற்காலத்திலே திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மை செய்து, இயந்திரத் தொழிலின் தந்தையருள் ஒருவர் எனப் பெயர் பெற்றவர் இவர்தாம்.

இனி அழுத்திக்கு வருவோம். அடைபட்ட நீரில் ஓரிடத்திலே கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவும் என்பது பிராமா கண்ட உண்மை அன்று. பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் அதனைத் தெளிவாக எழுதிவைத்திருந்தார். அவர் 1662-இல் மறைந்தார்; நூல் அடுத்த ஆண்டு அச்சேறிற்று. ஒரு குழல் மற்றதைவிட நூறு மடங்கு பெரிதானால், சிறியதை அழுத்தும் ஒருவன் பெரியதை அழுத்தும் நூறு பேருக்கு ஈடு கொடுக்கலாம் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். அப்படியிருந்தும் நூற்று முப்பது ஆண்டுகள் அது ஏட்டிலேயே கிடந்தது. ஏன்? கசிவு!

தண்டுக்கும் குழலுக்கும் இடையிலே மயிரிழை இடைவெளி இருந்தாலும், அத்தனை அழுத்தத்திலே நீர் பீறிட்டு வெளியே வந்துவிடும். சரி, சணலையோ தோலையோ இறுக அடைத்துவிடலாம் என்றால், தண்டு மேலே போன பிறகு கீழே இறங்க மறுக்கும். இறுக்கினால் அசையாது, தளர்த்தினால் ஒழுகும். 1795-இலே பிராமா தம் அழுத்திக்கு உரிமைப் பத்திரம் பெற்றபோதும் இந்தச் சிக்கல் அவரை வாட்டிக்கொண்டுதான் இருந்தது.

தீர்வு ஒரு தோல் வளையத்திலே கிடைத்தது. அதன் குறுக்குவெட்டு, கவிழ்த்து வைத்த வாய்க்கால் போன்றது. உட்குழிவு நீரை நோக்கியிருக்கும். நீரின் அழுத்தம் ஏற ஏற, அதுவே வளையத்தின் இரு உதடுகளையும் விரித்துத் தண்டின்மீதும் குழலின்மீதும் அழுத்திப் பிடிக்கும். அழுத்தம் நீங்கியதும் உதடுகள் தாமே தளர்ந்துவிடும். தண்டு எளிதாக இறங்கும். எதனைத் தடுக்க வேண்டுமோ அதன் வலிமையையே தடுப்பதற்குப் பயன்படுத்துவது! சைக்கிள் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதிலுள்ள தோல் வாஷரை நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே குலம்.

இந்த வளையத்தைக் கண்டவர் யார்? மாட்ஸ்லேதான் என்று, அவரிடம் பின்னாளில் வேலை பார்த்த நாஸ்மித் எழுதியிருக்கிறார். அதனை மறுத்து வேறு பெயர் சொல்வோரும் உண்டு. பத்திரம் பிராமாவின் பெயரில். பாடப் புத்தகமும் பிராமாவின் பெயரில். 1797-இல் மாட்ஸ்லே தம் குடும்பம் பெருகுவதைச் சொல்லிக் கூலியை உயர்த்தக் கேட்டார். அப்போது அவர் வாங்கியது வாரத்துக்கு முப்பது ஷில்லிங். பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லே வெளியேறித் தனியே பட்டறை வைத்தார். இந்த ஒரு செய்தியிலே என் மனம் மாட்ஸ்லேயின் பக்கமே நிற்கிறது. பூட்டு இயந்திரங்களைச் செய்து கொடுத்த கைக்குச் சில ஷில்லிங் கூட்டிக் கொடுக்காதது கருமித்தனம் மட்டுமன்று, கணக்குத் தெரியாமையும்கூட.

அழுத்தி தரும் வலிமையைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். கொட்டகையிலுள்ள ஜாக்கியில் சிறிய தண்டின் குறுக்களவு 1 செ.மீ., பெரிய தண்டின் குறுக்களவு 4 செ.மீ. என்று கொள்க. பரப்பு 16 மடங்கு. பிடி ஒரு நெம்புகோலாக நின்று 15 மடங்கு தருகிறது என்றால், மொத்தம் 240 மடங்கு. 5 கிலோ எடையைத் தூக்கும் அளவு கையால் அழுத்தினாலே, உராய்வை நீக்கிவிட்டுப் பார்த்தால், 1,200 கிலோ எழும்பும். இது இனாமாகக் கிடைப்பதன்று. பெரிய தண்டு 1 செ.மீ. உயர, சிறிய தண்டு 16 செ.மீ. பயணம் செய்ய வேண்டும். நம் கை 240 செ.மீ. நடக்க வேண்டும். வலிமை கூடுகிறது, உழைப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இதே விதி மறுபுறம் திரும்பி நம்மைக் கடிக்கவும் கூடும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. குழலுக்குள்ளே அந்தக் கணக்கு நமக்கு உதவுகிறது. ஜாக்கியின் தலை காரைத் தொடும் இடத்திலோ அதே கணக்கு தகட்டை நசுக்குகிறது. பழைய லாரிகளுக்கும் ஜீப்புகளுக்கும் அடியிலே கனத்த இரும்புச் சட்டம் உண்டு. அங்கே ஜாக்கியைக் கொடுத்தால் தாங்கும். இக்காலத்துக் கார்களிலே பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்துப் பற்றவைத்த கூடே அதன் எலும்பு. கதவுகளின் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழ்நோக்கி நிற்கும் ஒரு விளிம்பு உண்டு. கையால் தடவினால் தெரியும். அந்த விளிம்பு முழுதும் பாரம் தாங்காது. சக்கரங்களை ஒட்டிய நான்கு இடங்களிலே மட்டும் உள்ளே கூடுதல் தகடு வைத்து வலுப்படுத்தியிருப்பார்கள். இரண்டு சிறு வெட்டுகளோ, ஓர் அம்புக்குறியோ அந்த இடத்தைக் காட்டும். காரோடு வரும் கையேட்டிலே படமே போட்டிருக்கும். அந்தக் கையேடு முன்பெட்டியிலே பிரிக்கப்படாமல் கிடக்கும்!

காரோடு கொடுக்கும் சிறு ஜாக்கி பிராமாவினுடையதன்று. அது பெரும்பாலும் திருகு ஜாக்கி. அதன் தலையிலே ஒரு பள்ளம் இருக்கும். அந்த விளிம்பு பள்ளத்துக்குள்ளே அமர்ந்து, சாயாமல் நிற்பதற்காகவே அது. கொட்டகையின் பெரிய ஜாக்கிக்கோ வட்டமான தட்டைத் தலை. அதை அப்படியே விளிம்பின்கீழ்க் கொடுத்து அடித்தால், விளிம்பு பக்கவாட்டிலே மடங்கும். பூசிய வண்ணம் உதிரும். அடுத்த மழைக்காலத்திலே துரு ஏறும். இந்த நகரத்திலே, பெயர் சொல்ல வேண்டாத ஒரு கொட்டகையிலே, எண்ணெய்த் தொட்டியின்கீழ் ஜாக்கி வைத்து அதனைத் தட்டையாக்கியதையும் கண்டிருக்கிறேன். பரிகாரம் பெரிய செலவன்று. நடுவே பள்ளம் வெட்டிய தடித்த ரப்பர் வில்லை ஒன்று போதும். விளிம்பு பள்ளத்துக்குள் புகும். பாரம் இருபுறமும் உள்ள அகன்ற அடித்தகட்டின்மீது பரவும். அடிப்பாகத்திலே மின்கலம் சுமந்து வரும் மின்சாரக் கார்களுக்கு இது இன்னும் முக்கியம். குறித்த இடம் தவறி மின்கலத்தின் உறைமீது ஜாக்கி முட்டினால் இழப்பு தகட்டோடு நிற்காது.

இன்னொன்றும் உண்டு. சக்கரம் வைத்த ஜாக்கியின் தலை நேராக மேலே போவதில்லை. ஒரு வில்லைப் போல வளைந்து போகிறது. கார் எழும்ப எழும்ப, ஜாக்கி தன் சக்கரங்களிலே சற்று உருண்டு அந்த வளைவை ஈடு செய்துகொள்ள வேண்டும். மண்ணிலோ உடைந்த தளத்திலோ சக்கரம் புதைந்து நின்றுவிட்டால், தலை வழுக்கும். சரியான இடத்திலே வைத்த பாரமும் இடம் தவறும். திருகு ஜாக்கி உருளாது. அதன் அடி ஈர மண்ணிலே அமிழ்ந்து சாயும். அதற்கு அடியிலே ஒரு கனமான பலகை. மேலே வில்லை, கீழே பலகை. இரண்டிலும் பரப்பை அகலமாக்குகிறோம், அவ்வளவே. சக்கரத்தின் திருகாணிகளைக் கார் தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திவிட வேண்டும் என்பதையும், எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும் என்பதையும் ஓட்டுநர்கள் எல்லாரும் அறிவர்.

பிராமாவின் கதையை விட்டு விலகிவிட்டேன். அவருடைய வாழ்விலே பெருமை தராத பகுதி ஒன்றும் உண்டு. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் உரிமையைப் பற்றிய வழக்கிலே வாட்டுக்கு எதிராகச் சாட்சியாக நின்றார். தம் வாதங்களை நீதிபதிக்கு எழுதிய கடிதமாக 1797-இல் நூலாகவும் வெளியிட்டார். வாட்டின் உரிமையை 1799-இல் நீதிமன்றம் உறுதி செய்தது. பதினெட்டுப் பத்திரங்களை வாங்கியவர் பிறருடைய பத்திரத்தை எதிர்த்துப் பேசியது வேடிக்கைதான். ஆனால் அவரவர் பட்டறையில் நின்று பார்த்தால், அவரவர்க்கு நியாயம் வேறாகத்தானே தெரிகிறது!

மற்றப் படைப்புகளை விரைவாகச் சொல்லிவிடலாம். நிலவறையிலிருந்து பீரை மேலே ஏற்றும் பம்பு 1797-இல் வந்தது (நம் ஊர்ப் பெரியவர்கள் மன்னிக்க). மரம் இழைக்கும் இயந்திரம் 1802-இல். பணத்தாள்களிலே வரிசை எண் அச்சடிக்கும் பொறி 1806-இல். அதுவரை இங்கிலாந்து வங்கியின் எழுத்தர்கள் அந்த எண்களைக் கையாலே எழுதிக்கொண்டிருந்தார்கள். இறகை வெட்டிப் பல பேனா முனைகள் ஆக்கும் கருவி 1809-இல்.

கடைசி வேலையும் தூக்கும் வேலைதான். ஹாம்ப்‌ஷயரிலே ஹோல்ட் காட்டில் பெரு மரங்களை வேரோடு பிடுங்க அவருடைய அழுத்தியைக் கொண்டு சென்றனர். முந்நூறுக்கு மேற்பட்ட மரங்களை அது சிறிது காலத்திலே பெயர்த்துத் தந்தது. குளிரிலே நின்று அதனை மேற்பார்த்த பிராமாவுக்குச் சளி பிடித்து, மார்பிலே இறங்கிற்று. 1814 டிசம்பர் 9-ஆம் நாள், அறுபத்தாறாம் வயதிலே, அவர் காலமானார். லண்டனின் பாடிங்டன் பகுதியிலே செயின்ட் மேரி ஆலயத்து இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அவருடைய அழுத்தி அதுவரை தூக்காத பாரத்தைத் தூக்கிற்று. வேல்ஸ் நாட்டிலே மெனாய் நீரிணையின்மீது ராபர்ட் ஸ்டீபன்சன் பிரிட்டானியா ரயில் பாலத்தைக் கட்டினார். ஒவ்வொன்றும் 1,500 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள இரும்புக் குழாய்களை, நீர்மட்டத்திலிருந்து கோபுரங்களின் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பலம் பொருந்திய அழுத்திகள் தயாராக இருந்தன. அவற்றின் பலத்திலே ஸ்டீபன்சனுக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் அவற்றை முழுதும் நம்பவும் இல்லை. குழாய் அங்குலம் அங்குலமாக எழும்போதே, அதன் இரு முனைகளின்கீழும் மரத்தாலும் செங்கல்லாலும் முட்டுக்கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்று கண்டிப்பாக உத்தரவிட்டார். வேலை தாமதமாகிறதே என்று பலருக்குப் பொறுமை இழக்கக்கூடிய உத்தரவு அது.

1849 ஆகஸ்டிலே, ஏற்றம் நடந்துகொண்டிருந்தபோது, ஓர் அழுத்தியின் வார்ப்பிரும்பு உருளையின் அடி திடீரெனப் பிளந்து விழுந்தது. பிடி விட்ட குழாய் இறங்கிற்று. ஓரடிகூட இறங்குவதற்குள் முட்டின்மீது உட்கார்ந்துகொண்டது. முட்டு இல்லாதிருந்தால் அந்தப் பாலம் அன்றே நீரிணையில் கிடந்திருக்கும். அடியிலே இருந்தவர்களின் கதி சொல்லத் தேவையில்லை.

நம் கொட்டகைகளிலே இன்று நடப்பதை இதனோடு சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஜாக்கியிலே நிற்கும் கார் எண்ணெய்மீது நிற்கிறது. அந்த எண்ணெயை ஒரு சிறு வால்வும் ஒரு வளையமும் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. பிராமாவை வாட்டிய கசிவு இன்றும் ஒழிந்துவிடவில்லை; தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. வளையம் தேயும், வால்வின் வாயிலே ஒரு மணல்துகள் சிக்கும், யாரோ பிடியை இடறுவார்கள். ஆகையால் தூக்குவதற்கு ஜாக்கி; தாங்குவதற்கு ஸ்டாண்டு. குறித்த வலுவான இடத்தின்கீழ் இரும்பு ஸ்டாண்டை நிறுத்தி, ஜாக்கியை மெல்லத் தளர்த்திப் பாரத்தை அதன்மீது இறக்கி, காரை ஒருமுறை கையால் தள்ளி அசைத்துப் பார்த்த பிறகுதான் ஒருவன் தலையைக் காரின்கீழ் நுழைக்கலாம். செங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுப்பது வேண்டாம். ஸ்டீபன்சனின் செங்கற்கட்டு வேறு, சாலையோரத்து ஒற்றைச் செங்கல் வேறு. அது ஒரு கணத்திலே நொறுங்கிவிடும். நாம் கடந்து போகும் கொட்டகைகளிலே, ஸ்டாண்டு இல்லாமல் காரின்கீழே மார்புவரை நுழைந்து படுத்திருப்பவர்களிலே சிலருக்குப் பதினெட்டு வயதுகூட ஆகியிருக்காது. நிறுத்திக் கேட்டால், ஒரு நிமிஷ வேலைதானே என்கிறார்கள்.

பிரிட்டானியா பாலத்தைத் தூக்கிய அழுத்தியை 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அதே பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு நிபுணர் வந்திருந்தார். அவர் பிக்காடில்லித் தெருக் கடைக்குப் போய், ஜன்னலில் இருந்த பூட்டைத் திறக்க அனுமதி கேட்டார். பதினாறு நாட்களிலே, மொத்தம் 51 மணி நேரம் உழைத்து, அதனைத் திறந்துவிட்டார். 200 கினியும் அவர் கைக்குப் போயிற்று. பூட்டு இப்போது லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையிலே இருக்கிறது. அதே 1851-ஆம் ஆண்டிலேதான், நியூயார்க் நகரத்திலே ரிச்சர்டு டட்ஜன் என்பவர், பிராமாவின் அழுத்தியைக் கையால் தூக்கிச் செல்லத்தக்க சிறு கருவியாக்கி, அதற்கு உரிமைப் பத்திரம் வாங்கினார்.